என்.ஜி.சி. 4993

உம்மா வஃபாத்தான மூன்றாம் மாதம், அவர்கள் விட்டுச் சென்ற நகைகளை மார்க்கம் சொன்னபடி பிரித்துக்கொள்ள உடன்பிறந்தோர் ஐவரும் கூடினோம். மொத்தம் 12 பவுன். அதில் 4 பவுன், மறைந்த வாப்பா மஹராகக் கொடுத்த சங்கிலி. அது யாரிடம் செல்வது என்பதில் குரல்கள் உயர்ந்தன. அஸர் தொழுகைக்கு எழுந்தவர்கள் மீண்டும் ஒரே பாயில் அமரவில்லை.

அன்றிரவு மாடியில் தம்பி மகன் அல்ஃபர்த் என்னும் விண்மீனைக் காட்டினான். ‘தனித்தது’ என்று அரபியர் இட்ட பெயர் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அது இருக்கும் ஹைட்ரா கூட்டத்தின் வால்பக்கத்தில், கண்ணுக்குப் புலப்படாத தொலைவில் என்.ஜி.சி. 4993 இருக்கிறதாம். 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த விண்மீன் மண்டலம். தொலைவு ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகள். வடிவம் லென்ஸ் போன்றது. (லென்ஸ் என்ற சொல்லே பருப்பின் பெயரிலிருந்து வந்ததுதான், உம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.) நடுவே பருத்தும் ஓரத்தில் தட்டையாகவும் இருக்கும், சுருள் கரங்கள் இல்லை. வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால் புதிய விண்மீன்கள் அங்கு அரிதாகவே பிறக்கின்றன. முதியோர் மட்டும் எஞ்சிய வீடு போன்றது.

அத்தகைய இடத்திலிருந்துதான் 2017 ஆகஸ்ட் 17 அன்று செய்தி வந்தது. சூரியனை விடக் கனமான, ஆனால் ஒரு நகரத்தின் அகலமே கொண்ட இரு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மோதின. ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோவும் இத்தாலியின் விர்கோவும் பதிந்தன, 1.7 விநாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. ஏறத்தாழ 11 மணி நேரத்தில் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று அம்மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. நீலமாயிருந்த அது சில நாள்களில் சிவந்து மங்கியது. பொன், பிளாட்டினம் போன்ற கன உலோகங்கள் அங்கே உருவாகியிருந்தன. பொன் மட்டுமே பூமியின் எடையைப் போல் பல மடங்கு என ஆய்வாளர் மதிப்பிட்டனர். சுப்ஹானல்லாஹ்!

நம் வீட்டுப் பொன் அங்கிருந்து வந்ததன்று. அதன் ஒரு பகுதியேனும், சூரியன் தோன்றுமுன் நம் மண்டலத்திலேயே நிகழ்ந்த இத்தகைய மோதலில் பிறந்திருக்கலாம் என்கின்றனர்.

மறுநாள் சங்கிலியை மீண்டும் நிறுத்தோம். பெரிய ராத்தா தம் பங்கில் அதை எடுத்துக்கொண்டு, மிகுதி மதிப்பைப் பணமாகத் தருவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டோம். தம்பி மட்டும் இன்னும் பேசவில்லை. அவன் மகன் இஷாவுக்குப் பின் மாடிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறான்.