வண்டிக்குங்களா, உழவுக்குங்களா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு லாடம் கட்ட ஒருவர் வருவார். மாட்டைச் சாய்க்கக் கயிற்றை எடுப்பதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "ஏனுங்க, வண்டிக்குங்களா, உழவுக்குங்களா?" பாரம் ஏற்றிக்கொண்டு கோபிக்குத் தார் ரோட்டில் நடக்கிற மாட்டுக்கு லாடம் வேண்டும். சேற்றில் இறங்கி உழுதுவிட்டு வருகிற மாட்டுக்கு வெறுங்குளம்பே போதும். அப்பா பதில் சொல்லாமல் அவர் ஆணியைத் தொடமாட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்கிறார் என்று தோன்றும். அந்தக் கேள்வியின் அருமை தெரிய எனக்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. கொஞ்சம் பணமும் செலவாயிற்று.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் வயல். மேட்டில் நாலு ஏக்கர் தோட்டம். தென்னை, மஞ்சள், ஓரமாகக் கொஞ்சம் வாழை. கொடிவேரித் தண்ணீர் பாய்கிற வயல் கெட்டிக் களிமண். தோட்டம் செம்மண். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷ நடைதான், ஆனால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்கு ஆகாது. வாடகைக்கு வருகிற பெரிய டிராக்டர் தென்னைக்குள் திரும்பத் திணறும், வாழைக்குள் நுழையவே நுழையாது. அறுபதாவது வயதில் மாடுகளைக் கொடுத்துவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று வாங்கப் போனேன்.

போனவன் என் மண்ணை நினைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து 45 குதிரைத்திறன் வண்டியையும், அதன் பின்னால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கிக்கொண்டு தேர் மாதிரி அசைந்துவரும் ரோட்டவேட்டரையும் நினைத்துக்கொண்டு போனேன். "அஞ்சடி ரோட்டவேட்டர் குடு கண்ணு" என்றேன். கடையில் இருந்த பையன் தயங்கினான். "இந்த வண்டிக்கு மூணரை, மிஞ்சினா நாலடி போதுமுங்க ஐயா." நான் நடக்கப் பழகும்போதே கலப்பை பிடித்தவன் என்று அவனுக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவன் பில்லை எழுதினான். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

முதல் நாள் செம்மண்ணில் இறக்கியதும் வண்டி கரும்புகை தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கியது. ரோட்டவேட்டரின் அகலத்தில் ஓரடிக்குச் சுமார் ஐந்தாறு குதிரைத்திறன் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. என்னைத் தவிர. அதைவிடப் பெரிய பயம் வரப்பில் காத்திருந்தது. வரப்பைத் தாண்டுவதற்காகக் கருவியைத் தூக்கினேன். கருவி மேலே வந்தது, கூடவே முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றியது. முன்சக்கரம் மண்ணில் இல்லாத வண்டியைத் திருப்ப முருகனாலும் முடியாது.

டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்து ஆளை நசுக்குவது பழைய காலத்து விபத்து. சங்கிலியில் கட்டி இழுத்த கலப்பை வேரில் மாட்டினால் வண்டி குதிரை மாதிரி எழுந்துவிடும். அயர்லாந்து மண்ணில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர் இதற்கென்றே மண்டையை உடைத்துக்கொண்டு, கருவியை மூன்று இடத்தில் பிடிக்கிற ஏற்பாட்டைச் செய்தார். 1939இல் ஹென்றி ஃபோர்டின் டிராக்டரில் அது ஏறியது. இன்று நம் ஊர் வண்டிகளின் பின்னால் இருக்கிற மூன்று கைகளும் அந்த வம்சம்தான். ஆனால் அந்த ஏற்பாடு, கலப்பை மண்ணுக்குள் உழும்போதுதான் வண்டியைப் பதவிசாகப் பிடித்துவைக்கும். சக்திக்கு மீறிய கனத்தை அந்தரத்தில் தூக்கினால் பெர்குசன் என்ன செய்வார்? முன்பக்கம் இரும்பு எடை மாட்டி ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் நாலடி ரோட்டவேட்டர் வாங்கினேன். அதே கடை, அதே பையன். அவன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவனுக்கு ஒரு சீப்பு பூவன் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலடிக்கும் ஒரு காரணம் உண்டு. கருவி, சக்கரத் தடத்தைவிடக் குறுகலாக இருந்தால் உழுத மண்ணில் டயர் அழுத்திய தடம் இரண்டு பக்கமும் அப்படியே நிற்கும். என் வண்டியின் தடத்தை மூடுவதற்கு நாலடி சரியாக இருந்தது. இதை நானே முழம்போட்டு அளந்தேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு பட்டவன் டயர் விஷயத்திலாவது திருந்தியிருக்க வேண்டாமா?

ஆறு வருஷத்தில் பின் டயர்களின் கட்டை தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. அதில் இருந்தது 8.3-20. நன்றாக இருக்கிற 9.5-20 ஒரு ஜோடி பழசாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டும் இருபது அங்குல ரிம்மில் உட்காரும். விலையும் குறைவு, பார்வைக்கும் வண்டி ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும். மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். தோட்டத்துப் பொலபொலப்பில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் முன் டயர்கள் அரம் போட்டு ராவின மாதிரி தேய ஆரம்பித்தன. கெட்டித் தரையில் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. நாலு சக்கர இழுவையை விடுவிக்கிற லீவர் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. நான் கிரீசைக் குறை சொன்னேன், டீசலைக் குறை சொன்னேன்.

கவுந்தப்பாடி ரோட்டில் ஒரு மெக்கானிக் தம்பி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் கேட்டார்: "முன் டயரும் மாத்துனீங்களாங்க?"

"அது நல்லாத்தானே கெடந்துது."

அவர் சாக்கட்டியால் பின் டயரில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டச் சொல்லி நாடாவால் அளந்தார். முன் டயருக்கும் அதே மாதிரி. பிறகு நிதானமாக விளக்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் பல்சக்கரக் கணக்கு ஒன்று உள்ளே போட்டிருக்கிறார்கள். பின்சக்கரம் நூறு அடி போனால் முன்சக்கரம் ஒன்றிலிருந்து ஐந்து அடி வரை கூடப் போகிற மாதிரி இருக்க வேண்டும். பின் டயரை மட்டும் உயரமாக மாற்றினால் கணக்குத் தலைகீழாகிவிடும். பின்னது தள்ள, முன்னது இழுபட, நடுவில் பல்சக்கரம் முறுக்கிக்கொண்டு சாகும். "நெட்டை மாட்டையும் குட்டை மாட்டையும் ஒரே நொகத்துல பூட்டுனா ஏர் எப்படிப் போகுமுங்க?" என்றார். மாட்டோடு வளர்ந்த எனக்கு, மாடே வைத்திருக்காத ஒரு பையன் நுகத்தடியை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்த இரண்டு டயரையும் அவரே தன் கடை முன்னால் போட்டு விற்று, வந்த பணத்தை ஒரு ரூபாய் எடுக்காமல் உறையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.

புது டயர் வந்தபோது இன்னொரு கூத்து. பஞ்சர் கடையில் ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் டயர்க் கட்டைகள் கூரை முகடு மாதிரி மேல்நோக்கிக் கூட வேண்டும். அப்போதுதான் முகடு முதலில் மண்ணில் பட்டு, சேறு பக்கவாட்டில் பிதுங்கி விழும். டயரின் பக்கத்திலேயே அம்புக்குறி இருக்கிறது. ஒரு டயர் சேற்றைக் கக்கிக்கொண்டும் இன்னொன்று கொழுக்கட்டையாக உருட்டிக்கொண்டும் போனதைப் பார்த்துவிட்டு, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

டயரில் ஆர்-1 என்று போட்டிருப்பது ஆழக் கட்டை வைத்த விவசாய டயர். ஆர்-3 புல்வெளிக்கு, புல்லைக் காயப்படுத்தாது, ஈரமண்ணில் நிற்கவும் நிற்காது. ஆர்-4 இரண்டுக்கும் நடுவில், கெட்டித் தரைக்கும் பார வேலைக்கும். நமக்கு ஆர்-1தான். அதற்குள்ளும் நுணுக்கம் இருக்கிறது. மேட்டு உழவில் பின் டயர் வழுக்கினால் டியூபில் தண்ணீர் விடுவோம். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம்வரை விட்டால் முக்கால் பாகம் நிறையும், மிச்சத்துக்குக் காற்று. அதே கனத்தோடு களிமண் வயலில் இறங்கினால் வண்டி எருமை மாதிரி படுத்துக்கொள்ளும். அங்கே தண்ணீரை வடித்துவிட்டு அரைக் கேஜ் வீல் மாட்ட வேண்டும். அந்த இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறவே கூடாது. நான் ஒரு தடவை சோம்பேறித்தனமாக ஏறிக் கிழித்த கீறல் எங்கள் ஊர் எல்லையில் இரண்டு வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. டயரோடு முடிந்ததா? கருவியைச் சுழற்றுகிற தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். ஒரு நாள் அது என் தோள் துண்டைப் பிடுங்கிக்கொண்டது. துண்டோடு போயிற்று. அதிலிருந்து அதன் உறையைக் கழற்றுவதுமில்லை, துண்டோடு பக்கத்தில் போவதுமில்லை.

இத்தனைக்கும் பிறகு அடுத்த கருவி வாங்கக் கிளம்பினேன். தென்னை மட்டையைத் தூளாக்குகிற எந்திரம். மானியமும் உண்டு, மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை. வீட்டுக்காரி, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைக்கு வண்டி எவ்வளவு நேரம், எதற்காக ஓடியது என்று எழுதியிருந்தாள். "ஏனுங்க, கூட்டிப் பாருங்க."

வருஷத்தில் 310 மணி நேரம். அதில் எரு அடிக்க, தேங்காய் ஏற்ற, வாழைத்தார் கொண்டுபோக என்று டிரெய்லரோடு ஓடியது 170. கொத்துக் கலப்பையும் மஞ்சளுக்குப் பார் ஓட்டுவதும் 85. நான் உயிரை விட்ட ரோட்டவேட்டர் 40. மிச்சம் மருந்தடிக்க. எனக்கு லாடக்காரர் ஞாபகம் வந்தது. என் வண்டி பாதிக்கு மேல் வண்டி மாடுதான்! தார் ரோட்டில் வேகமாக ஓட்டித்தான் முதல் டயரைத் தின்றிருக்கிறேன். இப்போது ரோட்டில் நாலு சக்கர இழுவையை விடுவித்துவிட்டு, மெதுவாக, பாரத்துக்கு ஏற்ற காற்றோடு போகிறேன். மட்டை எந்திரத்தை வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு நாள் வேலைக்கு எதற்குச் சொந்தமாக ஒன்று?

அந்த ஐந்தடி ரோட்டவேட்டர் இன்னும் எங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது. அடியில் கோழி அடைகாக்கிறது. கத்தி அத்தனையும் புதுசு மாதிரி. வேண்டுகிறவர்கள் வரலாம், விலை பேசிக்கொள்ளலாம். முதலில் உங்கள் வண்டி எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பேன். 30க்குக் கீழே என்றால் தரமாட்டேன்.