ஓக் என்னும் ஆயன்

ஆங்கில நாட்டின் தென்மேற்கிலுள்ள டார்செட் பகுதியில் 1840இல் பிறந்தவர் தாமஸ் ஹார்டி. உழவர், ஆயர் வாழ்வை அருகிருந்து கண்டவர். 1874இல் வெளிவந்த அவருடைய 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரௌடு' என்னும் நாவல் காதற்கதையே. ஆயினும், அதில் காதல் பேசுமிடங்களைவிடத் தொழில் நிகழுமிடங்களே நெஞ்சில் நிலைக்கின்றன.

கேப்ரியல் ஓக் சிறு பண்ணைக்கு உரியவன். பாத்ஷீபா என்னும் நங்கையை மணக்க விரும்பினான், அவள் மறுத்தாள். பின்னர் ஓரிரவு, பயிற்சி முற்றாத அவனது இளநாய் ஆடுகளை விரட்டியது. இருநூறு ஆடுகள் சுண்ணாம்புப் பள்ளத்தில் வீழ்ந்து மாண்டன. கடனைத் தீர்த்து வெறுங்கையனான ஓக், வேலை தேடிச் சென்ற வழியில் தீப்பற்றிய கதிர்ப்போர்களைக் காத்தான். அப்பண்ணையோ, உறவினர்வழிப் பாத்ஷீபாவுக்கு வந்தது! மணக்கக் கேட்டவளிடமே அவன் ஆயனாக அமர்ந்தான்.

அவளை விரும்பியோர் வேறிருவர். விளையாட்டாக அவள் விடுத்த காதல் வாழ்த்தை மெய்யென நம்பிப் பித்தானவர் செல்வர் போல்டுவுட். மற்றவன் டிராய் என்னும் படைவீரன். அவனது வாள்வீச்சின் பளபளப்பில் மயங்கி அவள் அவனையே மணந்தாள்.

அறுவடை விருந்தன்று டிராய் ஊழியர்க்கெல்லாம் பிராந்தி வழங்கினான். அனைவரும் களஞ்சியத்தில் உணர்விழந்து கிடந்தனர். வெளியே தேரை வழியைக் கடந்தது. ஆடுகள் புயல் வரும் திசைக்கு வாலைக் காட்டி நெருங்கி நின்றன. குறியறிந்த ஓக் திடுக்கிட்டான். கோதுமைப்போர் ஐந்து, வாற்கோதுமைப்போர் மூன்று. மதிப்பு 750 பவுன். மின்னல் கண்ணைப் பறிக்க, தனியனாய்ப் போரின்மேல் ஏறி மூடலானான். பாத்ஷீபாவும் வந்து, ஏணியேறி வேய்கற்றைகளை எடுத்துக் கொடுத்தாள். பண்ணையின் தலைவி என்னும் செருக்கு அவளிடம் அன்றில்லை. மழை கொட்டும்போது ஓக்கிற்கு ஒன்று நினைவு வந்தது: எட்டுத் திங்கள் முன்பு, அதே இடத்தில், அவள் பொருட்டே நெருப்பொடு பொருதான், இன்று நீரொடு பொருகின்றான்.

மறுநாட் காலை போல்டுவுட்டை வழியிற் கண்டான். பண்ணைத் தொழிலில் வல்ல அவர், தம் போர்களை மூடவே மறந்திருந்தார். காதல் அவரை எவ்வளவு சிதைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பின்னாளில் டிராய் போல்டுவுட்டின் துப்பாக்கிக்கு இரையானான், அவரும் சிறைப்பட்டார். ஓக் விடைபெற எண்ணியபோது, பாத்ஷீபா தானே அவன் குடிலை நாடிச் சென்றாள். ஹார்டியின் கதைகளில் நல்வாழ்வு எய்துவோர் மிகச் சிலர். இவ்விருவர் அவருட் சேர்ந்தனர். மேளமும் கூட்டமும் இன்றி, மூடுபனி படர்ந்த ஒரு காலையில், பெரிய குடையொன்றும் சிறிய குடையொன்றும் ஒரே வாயிலினின்று புறப்பட்டுக் கோயிலை நோக்கி நடந்தன.