உட்கார்ந்து பார்க்காமல் சீட் வாங்குவது எப்படி?



தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு தினமும் பைக்கில் போய்வரும் மாணவர் ஒருவர், "சார், இடுப்பு வலிக்குது. ஆன்லைனில் வேற சீட் வாங்கலாமா?" என்று கேட்டார். போக 25, வர 25 கிலோமீட்டர். கேள்வி நியாயமானதே.

மெத்தென்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ரொம்ப மிருதுவான ஃபோம் அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு அடித்தகடுதான் இடிக்கும். சற்றுக் கெட்டியானதே நல்லது.

ஒரு அட்டைப்பெட்டியின் அட்டையைப் பலகைமேல் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். எழுந்தால் இரண்டு குழி தெரியும். உடம்பின் பாரம் இறங்கும் எலும்புகள் அவை. சீட்டின் தட்டையான பகுதி அந்த இரண்டையும் தாங்கும் அகலம் இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்திருந்தால் டேங்க் பக்கம் வழுக்கும். உயரம் கூடினால் கால் தரையில் ஊன்றாது. பழைய சீட்டை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

1980-ல் நம் ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50-க்குப் பெருமையே இருவர் உட்காரும் மொபெட் என்பதுதான். ஆனால் சீட் வாங்கும்போது பின்னால் உட்காருபவரை யார் கேட்கிறோம்? பள்ளம் வருவது ஓட்டுபவருக்குத் தெரியும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. என் மனைவிக்கு இடுப்பு எலும்பு தேய்மானம். அதனால் பின்பக்க அகலத்தை முதலில் பார்த்துத்தான் வாங்கினோம். இப்போது ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வழியில் இறங்கி நிற்காமல் போய்வருகிறோம்.

பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுசு ஒத்துவராவிட்டால், சீட் கவர் கடையில் பழையதற்கே ஃபோம் மாற்றித் தருவார்கள்.

அம்மாவோ மனைவியோ, யாரை ஏற்றிப் போகிறீர்களோ அவரையும் அந்த அட்டையில் உட்காரச் சொல்லுங்கள்.