லாலாகுடாவும் பொதுத்தீர்வையும்

செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா, ரயில்வேயால் வளர்ந்த ஊர். நிஜாம் ஆட்சியில், 1893-ல் இங்கே ரயில்வே பட்டறை எழுந்தது. அதை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் கிறிஸ்தவர்களும் உண்டு.

கடைசி நாளைக் கத்தோலிக்கப் பெரியோர் 'பொதுத்தீர்வை' என்பர்; சீர்திருத்தச் சபையார் 'நியாயத்தீர்ப்பு' என்பர். தீர்வை என்பது நிலவரிக்கும் பெயரன்றோ! கணக்கெழுதிப் பிழைக்கும் எம்மனோர்க்கு அச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும்.

அந்நாள் எந்நாள்? தமிழ் அந்தணர் குடியிற் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு என்பவர், திருவிதாங்கூரில், 1881-ல் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று அறிவித்தார். நம்பியோர் காத்திருந்தனர், ஆண்டு கழிந்தது.

மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரமோ, நாளை எவரும் அறியார் என்கிறது. ஆனால் எவை கணக்கிற் கொள்ளப்படும் என்பதை மறைக்கவில்லை: பசித்தவனுக்கு உணவு, நோயாளிக்கு ஆறுதல், அந்நியனுக்கு இடம்.

நம் முன்னோரும் இங்கே அந்நியராகவே வந்திறங்கினர். தெலுங்கும் உருதும் பேசும் அயலாரிடையே வீடு பெற்றனர். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வருவோர் அதே செகந்திராபாத் நிலையத்தில் இறங்குகின்றனர். வாடகைக்கு அறை கேட்டு அவர்கள் நம் வாயிலில் நிற்கையில், மொழி வேறென்று கதவை அடைக்கலாமா? எச்சமயத்தாராயினும், அன்பர்களே, அந்தக் கணக்கை இன்றே நேர் செய்துகொள்வோம்.