பூட்டனுக்கு எத்தனை மனைவி?

மேலூர் பக்கம் எங்கள் வீட்டில் பூட்டனைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "மூணு கட்டுன ஆளு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆதாரமும் இருந்தது. ஊரில் ஒரு பூட்டி. 1951இல் இலங்கைக் குடியுரிமைக்குப் போட்ட மனுவில் வேறொரு பெயர். 1970களில் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி போனபோது வைத்திருந்த குடும்ப அட்டையில் இன்னொரு பெயர். ஊரில் இருக்கும் நாங்களும் கோத்தகிரியில் இருக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து, தகரப்பெட்டியில் கிடந்த தாள்களை எடுத்து வைத்துப் பார்த்தோம்.

மூன்றாவது பெயர் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. தோட்டத்தில் பெயர் எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை. அவர் காதில் விழுந்ததுதான் செக்ரோலில் ஏறும். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒரு தாளிலும் குலசாமி பெயர் இன்னொரு தாளிலும் ஏறி, ஒரே பூட்டி இரண்டு பேராகிவிட்டார். பிள்ளைகளின் பெயரும் வயதும் இரண்டிலும் ஒன்றே. பாட்டிகளின் பெயரை நம்பி வம்சாவளி போடாதீர்கள் தோழர்களே, பிள்ளைகளை எண்ணுங்கள்.

ஊர்ப் பூட்டி விஷயம்தான் எங்களை அலைக்கழித்தது. 1951 மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. மனைவியும் மகனும் இந்தியாவில் இருக்கிறார்கள், மாதாமாதம் மணியார்டர் போகிறது என்று காரணம் எழுதியிருந்தார்கள். விசாரணையில் பூட்டன், "ஊரில் எனக்கு மனைவி இல்லை" என்று சொல்லியிருக்கிறார். பூட்டியோ 1980கள் வரை எங்கள் தெருவில் உயிரோடு நடமாடியவர். எங்கள் வீட்டுக் கோபத்தின் வேர் இந்த ஒரு வரிதான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரிய, சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சின்னச் சந்து விட்டது. 1946 ஜனவரி 1க்கு முன்பு மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும். மணமானவரின் மனைவி மக்களும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக மனுப் போட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே கிடைத்தது. மிஞ்சியவர்களை 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்குபோட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அதில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். எவரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

ஆக, குடியுரிமைக்காக ஊர்ப் பூட்டியை மறைத்துப் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் நாங்கள் முடிவுகட்டியிருப்போம். தொண்ணூறைத் தொடும் அம்மாச்சி ஒருவர் சிரித்துவிட்டார். "அவ எதுக்கு அந்தாளு பொண்டாட்டியா இருக்கணும்? ஊர்ல வச்சுத் தீத்துவிட்டாகளே. பரிசத்தத் திருப்பிக் குடுத்துட்டு அறுத்துக் கட்டிக்கிட்டான்னு எங்க ஆத்தா சொல்லும்."

பூட்டன் சொன்னது உண்மை! ஆனால் அதற்குத் தாள் இல்லை. நம் ஆட்கள் வேப்பமரத்தடியில் தீர்த்துக்கொண்டார்கள், அதற்கு முத்திரைத்தாள் வாங்கியதில்லை. 1955இன் இந்துத் திருமணச் சட்டம்கூட 29(2) பிரிவில் இப்படி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை ஏற்கிறது. கொழும்பு அதிகாரிக்கு வேப்பமரம் செல்லாது. பெற்ற மகனுக்கு அனுப்பிய மணியார்டர் மனைவிக்கு அனுப்பியதாகிவிட்டது.

இதை ஏன் எங்கள் வீட்டில் எவரும் சொல்லவில்லை? எங்கள் கணிப்பு இது. படித்து, அரசு வேலைக்குப் போன தலைமுறைக்கு, அப்பத்தா அறுத்துக் கட்டியவர் என்று சொல்லக் கூச்சம். பூட்டனை மூன்று கட்டியவனாக்குவது அதைவிட எளிதாக இருந்திருக்கிறது. தாலி அறுந்தவள் மூலையில் உட்கார வேண்டும் என்பது நம் தெருவின் சட்டமாக இருந்ததே இல்லை. அதை இரவல் வாங்கி வந்து, நம்முடைய சொல்லை நாமே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

அதற்காக அந்தப் பஞ்சாயத்தைக் கொண்டாடவும் நாங்கள் தயாரில்லை. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். திருப்பிக் கொடுத்த பரிசப் பணம் பூட்டி களையெடுத்துச் சேர்த்த கூலி என்கிறார் அம்மாச்சி. மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பன் பெயராக இரண்டாவது கணவர் பெயர்தான் இருக்கிறது. பிறகு அவருடைய பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் நடந்தார்கள்.

வம்சாவளியை வரையும்போது கோத்தகிரித் தங்கச்சி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். பூட்டனை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் மனைவிகளை எழுதியிருந்தோம். அவள் ஊர்ப் பூட்டியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கணவர்களை எழுதினாள். இரண்டாமவர் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அவருடைய வகையறா அழகர்கோவில் பக்கம் இருக்கிறார்களாம். அடுத்த மாதம் போகிறோம். தாள் கேட்கப் போவதில்லை. இரண்டாம் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமன் யார் என்று கேட்கப் போகிறோம்.