பிள்ளைக் காம்பராவில் ஒரு டோர்ச் லைட்

ஹட்டனிலிருந்து டிக்கோயா தாண்டி நோர்வூட்டுக்குப் போகும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் தோட்டங்கள்தான். அவற்றில் ஒன்றின் லயத்தில் ஐந்து மணிக்கே அடுப்பு எரிகிறது. ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் ஊற்றி, பள்ளிக்கூடம் போகிறவளுக்குத் தலை பின்னி, கைப்பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓட வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளக் கணக்கு, போச்சு. மாலையில் கடைசி நிறுவை முடிந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு வீடு சேரும்போது மலை நிழல் லயத்தின் மேல் விழுந்திருக்கும். காம்பராவுக்குள் ஒரே ஒரு மின்குமிழ்.

கணக்குப் போட்டால், கொழுந்து பறிக்கிற தாய் தன் ஒரு வயதுப் பிள்ளையின் முகத்தை நல்ல வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வேலை நாளெல்லாம் அதைப் பார்க்கிறவர் பிள்ளைக் காம்பராவில் இருக்கிற பெண். சின்னப் பிள்ளையின் கண்ணில் கோளாறு ஏதும் இருந்தால் முதலில் அவருக்குத்தான் தெரியவரும். அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

பழைய பிள்ளைக் காம்பரா என்பது ஏணை கட்டிய ஒரு கொட்டகை. மலை ஏற முடியாத வயதான அம்மா ஒருவர் பொறுப்பு. 1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனபோது அமைக்கப்பட்டதுதான் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படுகிறது. அதன் வழியாக இந்தக் கொட்டகைகள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் அவர்கள் ‘மிஸ்’. வேலை என்னவோ பழையதுதான்: கழுவு, ஊட்டு, தூங்க வை, அழுகையை ஆற்று. இதற்கிடையில்தான் பார்க்கவும் வேண்டும்.

நான் சந்தித்த உத்தியோகத்தர் அதே தோட்டத்துப் பெண். அவருடைய அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். பாயில் அவர் முன் உட்கார்ந்திருந்த பையனுக்கு ஒன்றரை வயது இருக்கும். மூக்குத் தண்டு தட்டை. இரண்டு கண்ணும் உள்பக்கம் சாய்ந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. அவர் ஒரு கை தூரத்தில் சின்ன டோர்ச் லைட்டைப் பிடித்தார்.

“புள்ளியப் பாருங்க சேர். ரெண்டு கண்ணுலயும் கருமணிக்கு நடுவுலதான் நிக்குது. இது மூக்கு செய்ற வேல. மாறுகண்ணுன்னா ஒரு கண்ணுல நடுவுல நிக்கும், மத்ததுல ஓரத்துக்குப் போயிரும்.”

கண் வைத்தியர்களும் முதலில் செய்கிற சோதனை இதுதான். பிறந்த குழந்தைக்குக் கண்கள் அவ்வப்போது ஒன்றோடொன்று சேராமல் அலைவது இயல்பு. நாலு மாதம் தாண்டியும் ஒரு கண் விலகியே நின்றால் காட்ட வேண்டும். ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று ஒரு நம்பிக்கை லயங்களில் உண்டு. அந்த அதிர்ஷ்டத்தின் விலை பெரியது. விலகிய கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுகிறது. கண் நன்றாக இருந்தும் பார்வை வளராமல் போகிறது. சோம்பேறிக் கண் என்பது இதுதான். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம். பிந்தப் பிந்தக் கடினம்.

இன்னொரு சோதனையை அவர் விளையாட்டாகவே செய்தார். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் போய் உள்ளங்கையால் அதன் இடது கண்ணைப் பொத்தினார். பிள்ளை கவலைப்படவில்லை, அடுக்கிக்கொண்டே இருந்தது. வலது கண்ணைப் பொத்தினார். அப்போதும் அப்படியே. “ரெண்டும் சரி. ஒரு கண்ணு மங்கலா இருந்தா, நல்ல கண்ணப் பொத்துன உடனே கையத் தட்டிவிட்டு அழும். மங்கல் கண்ணப் பொத்துனா சும்மா இருக்கும்.” எழுத்துப் பலகை படிக்கத் தெரியாத வயதில் பிள்ளை தரக்கூடிய பதில் இவ்வளவுதான். ஆனால் தெளிவான பதில்.

ஒரு கண் மட்டும் கெட்டிருக்கும் பிள்ளை ஓடும், பிடிக்கும், படியேறும். யாருக்கும் சந்தேகம் வராது. முதலாம் ஆண்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கண்ணை மாற்றி மாற்றி மூடிப் படிக்கச் சொல்லும்போதுதான் வெளிவரும். அதற்குள் மீட்கும் காலத்தில் பெரும் பங்கு போயிருக்கும்.

தோட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. லயத்தில் இன்னும் பெரும்பாலும் விறகடுப்பு. புகை கூரைக்குக் கீழே சுற்றும். எல்லாப் பிள்ளைக்கும் கண்ணில் நீர் வடிகிறது. ஆகவே கண்ணீர் வடிவது இங்கே ஒரு அறிகுறியாகவே எண்ணப்படுவதில்லை. பிள்ளைக் காம்பராவில் புகை இல்லை. மணிக்கணக்காக அங்கே இருந்த பிறகும் ஒரு பிள்ளைக்கு மட்டும் வடிந்தால் உத்தியோகத்தர் கவனிக்கிறார். கண்ணீர்க் குழாய் அடைத்திருந்தால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். ஆனால் நீர் வடிவதோடு வெளிச்சம் கூசி முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு, கருவிழியும் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிய நிலையாக இருக்கலாம். ‘என்ன அழகான பெரிய கண்ணு’ என்று ஊரே கொஞ்சும் பிள்ளைகளில் சிலருக்கு அவசரமாக வைத்தியர் தேவைப்படுகிறது.

அதைவிட அவசரம் கருமணிக்குள் வெள்ளை தெரிவது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். பார்வையை மறைக்கும் அளவு அடர்த்தியானால் பிறந்து இரண்டு மாத அளவிலேயே சத்திரசிகிச்சை செய்துவிடப் பார்க்கிறார்கள். விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் அரிய நோய், அநேகமாக ஐந்து வயதுக்குள். இதைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் கைத்தொலைபேசிதான். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாக, மற்றது வெள்ளையாக மின்னினால் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும்.

பிறவிக் கண்புரைக்குப் பழைய காரணங்களில் ஒன்று, கர்ப்பத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா. இலங்கையில் 1996 தொடக்கம் அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. தோட்டங்களிலும் ஊசி தவறுவது குறைவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிற விற்றமின் ஏ துளியையும் தாய்மார் மறப்பதில்லை. அந்தி நேரத்தில் பிள்ளை தடுமாறி விழுந்தால், வெண்விழி வறண்டு நுரை ஒட்டினாற்போல் திட்டுத் தெரிந்தால், அந்தச் சத்து குறைகிறது என்று பொருள். பொதுவான சத்துக்குறைவும் இங்கே அதிகம்: 2016 இன் மக்கள்தொகை சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் உயரம் குறைந்த பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. விற்றமின் ஏ தரும் கரட் நுவரெலியாவிலிருந்து லொறி லொறியாக இறங்குகிறது. ரொட்டிக்கும் சம்பலுக்கும் மேலே அது ஏறுவது எத்தனை லயத்தில் என்பது வேறு கேள்வி. ஏறினாலும் கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தால்தான் உடம்பு பிடிக்கும்.

கண் சிவந்தால் தாய்ப்பால் பீய்ச்சுவதும் நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதும் இன்னும் நடக்கின்றன. உத்தியோகத்தர் பாட்டிமாரோடு சண்டை போடுவதில்லை. “பாட்டி, அதக் காலுல வேணும்னா ஊத்துங்க, கண்ணுல வேணாம்” என்கிறார். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டபடி நடக்கிறார்களா என்பது அவருக்கே சந்தேகம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு கொடுக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பார்வைக்கென்றும் ஒரு பகுதி இருக்கிறது. தாயே பார்த்துக் குறிக்கும் கேள்விகள். அவர் காட்டிய புத்தகங்களில் எடைக் கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. பார்வைப் பக்கம் பலவற்றில் வெறுமை.

கண்டுபிடிப்பது பாதி வேலைதான். குடும்ப நல உத்தியோகத்தருக்குச் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு வாங்கி, கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டி 2017 மே 12 அன்று நரேந்திர மோடி திறந்துவைத்த 150 கட்டில் வைத்தியசாலை கைக்கெட்டும் தூரம். கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சத்திரசிகிச்சை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ இறங்க வேண்டியிருக்கும். வைத்தியம் இலவசம். பஸ்ஸும் சாப்பாடும் இலவசமில்லை, போன நாளின் பேரும் திரும்பி வராது. 2024 இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. சில இடங்களில் துண்டு சிங்களத்தில். அதை வாசித்துச் சொல்லவும் ஆள் தேட வேண்டும்.

அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் கொடுக்கப்படாதவர்களைவிடச் சுமார் 21.7 சதவீதம் கூடுதலான உற்பத்தித்திறன் காட்டினார்கள் என்று 2018 இல் அது வெளிவந்தது. பெரியவரின் கண்ணைக் கிலோவில் கணக்கிடலாம் என்பதால் கம்பனிக்கும் அது புரியும். ஒன்றரை வயதுப் பிள்ளையின் கண் எந்தத் தராசிலும் ஏறாது. அதனால்தான் கிளினிக்குப் போகும் தாய்க்கு அரைப் பேராவது போட வேண்டும் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

அந்தப் பிள்ளைக் காம்பராவில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள், வலது கண்ணில் ஒட்டுத்துணி. நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி, மற்றதை வேலை செய்ய வைக்கும் சிகிச்சை. தாய் மலையில் இருப்பதால் ஒட்டுவதும் நேரம் பார்த்து எடுப்பதும் மிஸ்ஸின் பொறுப்பு. முதல் வாரம் ஒட்ட ஒட்டப் பிய்த்து எறிந்தாளாம். அவள் பாட்டிக்கு வேறு கவலை: “கண்ணாடி போட்ட பொண்ண நாளைக்கி யாரு மிஸ் கட்டுவா?” மிஸ் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றார்.

பாட்டி அடங்கவில்லை, திகதிக்குத் தாவினார். அடுத்த கிளினிக் பத்தாம் திகதி, சம்பள நாள். தாயால் வர முடியாது. கங்காணியிடம் பேசிப் பார்க்கிறேன், முடியாவிட்டால் பாட்டியே கூட்டிப் போகட்டும், துண்டை மட்டும் மறக்காமல் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மிஸ் மதியச் சோற்றுக்குப் பிள்ளைகளின் கையைக் கழுவப் போனார்.