எத்தனை சென்டிமீட்டர்?

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் அநேகமாக ஒரே வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார்கள். “7 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு டாக்டரம்மா, எடுத்துரணுமா?” நான் அந்த வரியைத் தாண்டிப்போய், கட்டி கர்ப்பப்பையில் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். வெளிச்சுவரில் அவ்வளவு பெரிய நார்த்திசுக்கட்டியை வைத்துக்கொண்டு, அது இருப்பதே தெரியாமல் மாதவிலக்கு நிற்கும் வயதைத் தாண்டியவர்கள் உண்டு. உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டியோ ஹீமோகுளோபினை 6க்கு இறக்கிவிடும். மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் இந்தக் கட்டிகளுக்கு 0 முதல் 8 வரை எண் கொடுத்ததும் இடத்தை வைத்துத்தான்.

அடுத்த கேள்வி, “கேன்சரா?” இல்லை. சாதாரண நார்த்திசுக்கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. மாதவிலக்கு நின்றபிறகும் கட்டி வளர்ந்தால் மட்டும் எனக்குச் சந்தேகம் வரும்.

உள்ளறைக் கட்டிக்கு வயிற்றைக் கீற வேண்டியதில்லை. ஹிஸ்டரோஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவியைக் கீழ்வழியாகச் செலுத்திச் சீவி எடுத்துவிடலாம். டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை ரத்தப்போக்கைக் குறைக்கும், கட்டியைத் தொடாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் நல்ல சாதனம்தான். ஆனால் உள்ளறையின் வடிவம் கெட்டிருந்தால் நழுவி வெளியே வந்துவிடக்கூடும். லியூப்ரோலைடு ஊசி கட்டியைச் சுருக்கும், நிறுத்தினால் திரும்ப வளரும். ரத்தசோகையைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கிறதே என்று நானும் போடுவதுண்டு. ஆனால் ஊசியில் சுருங்கிய கட்டி சுற்றியுள்ள தசையோடு ஒட்டிப்போய், உரிக்கும்போது கையைப் படுத்தும்.

ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை தற்செயலாக வந்தது. பாரிஸில் ரவினா என்ற மருத்துவர், ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகாதிருக்க முன்கூட்டியே கர்ப்பப்பைத் தமனியை அடைத்துப் பார்த்தார். சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. 1995இல் அதை எழுதினார். பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு நான் இதை முதலில் சொல்வதில்லை.

என் கை அதிகம் நிதானிப்பது கர்ப்பப்பை வாயில் வளரும் கட்டியில். நூற்றில் ஒன்றோ இரண்டோதான் அங்கே வரும். பெரிதானால் இடுப்புக்குழி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கர்ப்பப்பை அதன் உச்சியில் சிறிதாக ஏறி உட்கார்ந்திருக்கும். சிறுநீர் அடைத்துக்கொண்டு, டியூப் போட்டபடி வருகிறவர்களும் உண்டு. சிறுநீர்க் குழாய்கள் வழக்கமான இடத்தில் இருக்காது என்பதுதான் பயம். ரத்தக்குழாயைச் சுருக்கும் வாசோபிரெசினை நீர்க்கச் செய்து ஊசியால் ஏற்றினால் சதை வெளுக்கும். உறையைக் கீறியதும் கட்டியின் வெள்ளை முகம் தெரியும். அதில் திருகாணியை முடுக்கி இழுத்துக்கொண்டே, உறைக்கும் கட்டிக்கும் நடுவே விரலை விட்டுச் சுற்றிவர வேண்டும். எவ்வளவு ஒதுங்கிக் கிடந்தாலும் சிறுநீர்க் குழாய் உறைக்கு வெளியேதான் இருக்கும். உறைக்குள்ளேயே இருக்கும்வரை விரல் தப்புப் பண்ணாது. விக்டர் பானி போன்ற அறுவை மருத்துவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் இது. கர்ப்பப்பையையே எடுப்பதானாலும் இங்கே முதலில் கட்டியை உருவிவிட்டுத்தான் தமனிப் பக்கம் போவேன். சிறுநீர்க் குழாய்தானா என்று ஐயம் வந்தால் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும், புழுப்போல நெளியும். மிச்சக் குழியை அடுக்கடுக்காகத் தைத்து மூடுவதற்குத்தான் உருவியதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

“பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு கர்ப்பப்பை?” என்று கேட்பது பெரும்பாலும் கூடவரும் மாமியார். எடுத்துவிட்டால் கட்டி திரும்ப வராது, உண்மை. ஆனால் முட்டைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிலக்கு நிற்கும் பருவம் சற்று முந்திவிடக்கூடும். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2023இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. எங்கள் தொழிலுக்கு அது பெருமை இல்லை.

மாதவிலக்கு நின்றபின் கட்டி தானாகவே சுருங்கும். 48 வயதில், அளவான போக்கோடு வருகிறவருக்குப் பல நேரம் மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் போதும். காப்பீட்டு அட்டையும் துணைக்குத் தங்கையுமாகத் தயாராக வந்தவர், “அப்ப ஆபரேஷன் இல்லையா?” என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்பார். “இப்போதைக்கு இல்லைம்மா” என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுக்கிறேன். டீ குடித்த கையோடு அதைப் போடக் கூடாது என்று தங்கையிடமும் ஒருதரம் சொல்லிவிடுவேன்.